அவன் எதை ஒத்துக்கொண்டான்?

புகார் எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னது அதில் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள், நகல் கேளுங்கள், அதற்குக் காசு கிடையாது. தெருவுக்குத் தெரு நாங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தது இவ்வளவுதான். அடிபட்டவர்களுக்கும் பறிகொடுத்தவர்களுக்கும் துணையாக ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்வர நாலைந்து பெண்கள் சேர்ந்திருந்தோம். சுனாமி வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். உப்பளம் பகுதியில் ஒரு கூட்டம் முடிந்து மைக் செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒருத்தி வந்து நின்றாள்.

"இத்த போன மாசமே வந்து சொல்லக் கூடாதாக்கா? எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து மைக்கு வெச்சிக் கத்துறீங்க."

முந்தானையை எடுத்தாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கு. விடியற்காலையில் ஸ்டேடியம் பக்கம் நடந்து போனவளின் கழுத்துச் செயினை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். இழுத்த வேகத்தில் இவள் கீழே விழுந்தாள். கொஞ்ச தூரத்திலேயே அது கவரிங் என்று தெரிந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் வண்டியைத் திருப்பச் சொல்லி வந்து இறங்கினான். செயினை அவள் மூஞ்சியில் விட்டெறிந்து, கீழே கிடந்தவளை வாயிலேயே உதைத்தான். "ஊரை ஏமாத்துறியாடி?" என்று வேறு கேட்டிருக்கிறான்.

"நான் இன்னா அவனுக்கு வித்தேனா?" என்றாள் அவள். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வரும் அவளுக்கு.

உதைத்தவன் வேறொரு கேஸில் மாட்டினான். இவளே அடையாளம் காட்டினாள். ஆனால் ஸ்டேஷன் ரைட்டர் அன்றைக்கு எழுதியிருந்தது இது: செயினை இழுத்ததில் நிலைதடுமாறிக் கீழே விழுந்து பல் உடைந்தது. யாரும் படித்துக் காட்டவில்லை, இவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். திருத்தச் சொல்லிப் போய் நின்றோம். ரைட்டருக்கு எங்களைப் பார்த்துச் சலிப்புதான் வந்தது.

"வுழுந்தா இன்னா, ஒதச்சா இன்னா, பல்லு பல்லுதானே? கோர்ட்டுல கூப்புடுவாங்க, அங்க சொல்லிக்கம்மா."

எழுதிக் கொடுத்த மனுவுக்கும் பதில் இல்லை. அவளோ 'கோர்ட்டுல சொல்லிக்க' என்ற அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்து சொல்லிப் பழகுவாள். பல் போன சந்தில் காற்று போகும். "ஜட்ஜய்யா முன்னாடி விசில் அடிச்சேன்னு என்னையே உள்ள போட்டுடப் போறாங்கக்கா" என்பாள். 'செயின்' சரியாக வராததால் 'கழுத்துல கெடந்தது' என்று மாற்றிக்கொண்டாள். 'ஒதச்சான்' என்பதை மட்டும் மாற்றவில்லை. எத்தனை முறை விசில் அடித்தாலும் அதுவேதான். "பல்லு போனப்புறந்தான் ஒனக்குப் பேச்சு ஜாஸ்தியா ஆயிடுச்சி" என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வாராம்.

சம்மன் வந்தது. கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து போலீஸ்காரர் ஒருவர் சிவப்புத் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"வூட்டுக்குப் போம்மா. அவன் ஒத்துக்கிட்டான். ஒனக்கு இனிமே அலைச்சல் இல்ல."

"எத்த சார் ஒத்துக்கிட்டான்?"

"கேஸுல இன்னா இருக்குதோ, எல்லாத்தயும்தான்."

"ஒதச்சத?"

"அது எங்க கேஸுல இருக்குது?"

நான் அரசு வக்கீலைத் தேடி ஓடினேன். நல்ல மனிதர், எரிந்து விழவில்லை. "குத்தத்த ஒத்துக்கிட்டா சாட்சி எதுக்கும்மா? இவங்க சாட்சிதானே?"

"இவங்களுக்குத்தானே சார் பல்லு போச்சு?"

"அதான் தண்டனை குடுத்தாச்சே."

ரிமாண்டில் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்துவிட்டு, மேலே கொஞ்சம் அபராதம் போட்டிருந்தார்கள். அவனுக்கு வக்கீல் இருந்தார். நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவனைக் கேட்க ஜட்ஜ் இருந்தார். அவளுக்கு வராண்டா இருந்தது. சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தப்பாக நடந்திருந்தால் யாரிடமாவது போய்ச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திரும்பும்போது டெம்போவில் ஏறினோம். காய்கறிப் பையோடு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் அவளைப் பார்த்து, "பல்லுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று சும்மா கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழகிய அதே குரலில் ஆரம்பித்தாள். விடியற்காலை, ஸ்டேடியம் பக்கம், பைக்கு, கழுத்துல கெடந்தது. ஒரு வார்த்தை தடுமாறவில்லை. "அப்ப அவன் வண்டியத் திருப்பினு வந்தான்" என்று சொல்லும்போது டெம்போ நின்றது. "அடப்பாவி" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அவள் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். மீதியை என்னிடம் சொல்லு என்று சொல்ல வாயெடுத்தேன். நான் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.