இருபது சென்டிமீட்டர்

குவிலென்சின் குவியத் தூரத்தைக் கண்டுபிடிக்கப் பாடப்புத்தகம் சொல்லும் வழி ஒன்று, பள்ளிக்கூடங்கள் பின்பற்றும் வழி வேறு. புத்தகத்தின்படி லென்சை ஸ்டாண்டில் பொருத்தி, ஒரு பக்கம் மெழுகுவத்தியும் மறுபக்கம் திரையும் வைத்து, சுடரின் பிம்பம் திரையில் தெளிவாக விழும்வரை நகர்த்தி, இரண்டு தூரங்களையும் அளந்து, அட்டவணையில் எழுதி, கணக்குப் போட்டு விடைக்கு வரவேண்டும். பள்ளிக்கூடத்தின் வழியில் ஸ்டாண்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால் போதும். விடை அங்கே இருக்கும். அதிலிருந்து பின்னோக்கி நடந்து அட்டவணைக்கு வந்துவிடலாம்.

அறிவியல் ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் நான் இரண்டாவது வழியைத் தடுத்ததில்லை. அதில் ஒரு நுணுக்கம்கூட உண்டு. எல்லா அளவும் அப்பழுக்கில்லாமல் இருந்தால் சந்தேகம் வரும். எனவே நாற்பது என்று வரவேண்டிய இடத்தில் 39.9 என்றோ 40.2 என்றோ எழுத வேண்டும். ஆசிரியர் அறையில் இதற்குத் 'தாளிப்பு' என்று பெயர். "உங்க பசங்க தாளிப்பே போடாம எழுதியிருக்காங்களே" என்று ஒரு பள்ளியின் ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்து நானே கடிந்துகொண்டதுண்டு.

ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தபோது, முடிச்சூர் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வின் புறத்தேர்வாளராக என்னைப் போட்டார்கள். எனக்கு அது பழகிய வேலை. நடுவில் சில வருடங்கள் கல்வி அலுவலகத்தில் மாற்றுப் பணியில் இருந்து, செய்முறைத் தேர்வை எப்படி நடத்துவது என்று சுற்றறிக்கை எழுதிய ஆளே நான்தான். மேசைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, மதிப்பெண் பட்டியலை எந்த உறையில் போடுவது, அரக்கு முத்திரை எத்தனை இடத்தில், எல்லாம் என் வாசகங்கள்.

அன்று சீட்டுக் குலுக்கலில் லென்ஸ் கேள்வி ஆறு பெண்களுக்கு வந்தது. ஸ்டாண்டு ஒன்றுதான். ஒருத்தி முடித்தபின் அடுத்தவள். அளக்க வேண்டிய தூரங்களையும் அட்டவணையில் பள்ளியே அச்சடித்துக் கொடுத்திருந்தது: மெழுகுவத்தியை 25, 30, 40 சென்டிமீட்டரில் வைத்து மூன்று அளவீடு. ஸ்டாண்டின் அடியில் 20 என்று சீட்டு. ஐந்து பெண்களும் இருபது என்று விடை கொண்டுவந்தார்கள். தாளிப்பு அளவாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

ஆறாவதாக வந்தவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடியது. ரெக்கார்டு நோட்டை விரித்துத் தடுப்பு வைத்துக்கொண்டாள். திரையை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளுவதும் அரை சென்டிமீட்டர் பின்னே இழுப்பதுமாக இருந்தாள். அவள் கொண்டுவந்த தாளில் விடை 15.0.

"இருபது வரணுமேம்மா."

"எனக்கு இதான் சார் வருது."

"அடியில சீட்டு பாக்கலையா நீ?"

"பாத்தேன் சார். இருபதுன்னு இருக்கு. ஆனா இருபது வர்ல சார்."

"மறுபடி பண்ணிப் பாரு."

போய்ப் பண்ணினாள். கால் மணி கழித்து வந்தாள். மறுபடியும் பதினைந்து.

"ஃபிரெண்ட்ஸ்லாம் என்ன எழுதினாங்கன்னு கேட்டுக்கலையா?" என்றேன். சொன்னபிறகுதான், தேர்வு மண்டபத்தில் தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று தோன்றியது.

"இருபதுன்னுதான் சொன்னாங்க சார்," என்றாள். "இருபது வர்ற எடத்துக்குத் திரைய கொண்டு போனா ஒண்ணுமே தெரியல சார், வெறும் மஞ்சளாத்தான் தெரியுது."

விடை தவறு என்று மூன்று மதிப்பெண் குறைத்தேன். அதற்கும் அதிகமாகக் குறைக்க என்னுடைய வழிகாட்டிக் குறிப்பில் இடம் இருந்தது. தாராளமாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

மாலையில் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு, ஐந்து இடத்தில் அரக்கு வைத்தாயிற்று. பள்ளி முத்திரையை யாரோ அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு பெருங்களத்தூர் வரை போயிருந்தார்கள். காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் போயிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. சும்மா இருந்த கை அந்த லென்ஸ் ஸ்டாண்டை எடுத்தது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் பக்கம் பிடித்தேன். வெளியே புதிதாகக் கட்டிய அடுக்குமாடியும், மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும், கொடியில் காயும் துணிகளும் தலைகீழாகச் சுவரில் விழுந்தன. வெகுதூரத்துப் பொருளின் பிம்பம் லென்சிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதுதான் குவியத் தூரம். இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பதினைந்து.

லேப் அசிஸ்டென்ட் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்த ஸ்டாண்டுல என்ன லென்ஸ் இருக்கு?"

"இருவது சார். அடியில போட்டுகீது பாருங்க."

"அளந்தா பதினஞ்சு வருதே."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "வரும் சார். வெள்ளம் வந்துச்சே, அப்ப இந்த லேப்புல இடுப்பளவு தண்ணி. பொட்டியெல்லாம் மெதந்துகினு இருந்துச்சு. லென்ச பொறுக்கிக் கழுவி, கைல கெடச்ச ஸ்டாண்டுல மாட்டினோம். எது எதுல போச்சோ யாருக்குத் தெரியும்."

"அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"இன்னாத்துக்கு சார் கேப்பாங்க? எல்லாருக்கும் இருவதுதானே வருது."

அவர் சொன்னதை நின்று யோசித்தேன். அந்த வெள்ளத்துக்குப் பிறகு வருடாவருடம் வந்த பெண்கள், அவர்களின் ஆசிரியர்கள், என்னைப் போன்ற தேர்வாளர்கள், அத்தனை பேர் கையிலும் இந்தப் பதினைந்து சென்டிமீட்டர் லென்ஸ் இருபது காட்டியிருக்கிறது. அன்றைய ஐந்து தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். லென்ஸ் இருபதாக இருந்து மெழுகுவத்தியை 25-இல் வைத்தால் பிம்பம் நூறு சென்டிமீட்டர் தள்ளி விழ வேண்டும். ஐவரும் 99.8, 100.1 என்று அப்படியே எழுதியிருந்தார்கள். இருபத்தைந்தும் நூறும் நூற்றிருபத்தைந்து. மேசையின் நீளமே நான்கடி, அதாவது நூற்றிருபத்திரண்டு. திரை மேசைக்கு வெளியே அந்தரத்தில் நின்றிருக்க வேண்டும். அந்தத் தாள்களுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

ஆறாவது தாளில் மூன்று அளவீடுகள் 37.0, 30.5, 24.2. மூன்று வேறு தூரங்கள், மூன்றுக்கும் விடை பதினைந்தை ஒட்டி. தவறாக அளக்கிறவர் மூன்று முறையும் ஒரே இடத்துக்கு வந்து சேர மாட்டார். ஒத்துப்போகும் அளவீடுகளை நம்பு, ஒத்துப்போகாத சீட்டைச் சந்தேகி என்று வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

உறை மேசைமேல் இருந்தது. அரக்கு ஆறிவிட்டது, ஆனால் பள்ளி முத்திரை இன்னும் விழவில்லை. பிரிக்கலாம். பிரித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். காரணம் விளக்கி மூன்று பிரதிகள், தலைமையாசிரியை கையெழுத்து, புது உறைக்கு விண்ணப்பம், அன்றைய தேர்வு முழுவதும் செல்லுமா என்று விசாரணை. விசாரணை நடக்கும்போது அதில் சம்பந்தப்பட்டவரின் ஓய்வூதியக் கோப்பு நகராது. சாவி வந்தது. முத்திரை குத்தினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று மதிப்பெண் யாரை என்ன செய்துவிடும் என்று மே மாதம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவுகள் வந்த அன்று பொறுக்க முடியாமல் பீர்க்கன்கரணையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை அறை வாசலில் அந்தப் பெண்ணும், ஆஸ்பத்திரி ஆயா சீருடையில் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். அறிவியலில் எழுபத்தெட்டு. பயாலஜி குரூப்புக்கு எண்பது வேண்டும் என்று பள்ளியின் விதி. நர்சிங் படிக்க பயாலஜி வேண்டும்.

"ரெண்டு மார்க்குதானே மேடம். நைட் டூட்டி முடிச்சு நேரா வர்றேன். பாத்து பண்ணுங்க மேடம்," என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வெளியே போனதும் நான் உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. முழுவதும் கேட்டார்.

"சார், பயாலஜில சீட்டே கம்மி. எண்பதுக்குக் கீழ யாருக்கும் இல்லன்னு போர்டுல ஒட்டியாச்சு. இவளுக்குக் குடுத்தா எழுபத்தொன்பது எடுத்தவளோட அம்மா நாளைக்கு இதே எடத்துல நிப்பாங்க."

"இவளுக்கு எண்பத்தொண்ணு மேடம். நான்தான் குறைச்சேன்."

"அப்ப எழுதிக் குடுங்க. அனுப்பறேன். ஆனா ஒண்ணு சார், லென்ஸ் தப்புன்னா மத்த அஞ்சு பேருக்கு எப்படி இருபது வந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லணுமா?"

எழுதிக் கொடுத்தேன். பார்வை, பொருள், இணைப்பு எல்லாம் சரியாக, உரிய வழியாக. மற்ற ஐந்து பேரைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை. பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் நானும் மாலை போட்டு வழியனுப்பப்பட்டிருந்தேன், பள்ளியில் வகுப்புகளும் தொடங்கியிருந்தன. செய்முறை மதிப்பெண்கள் உறையிடப்பட்ட பின் எக்காரணம் கொண்டும் மாற்றம் கோர இயலாது என்று பதில். கீழே சுற்றறிக்கை எண். 'எக்காரணம் கொண்டும்' நான் சேர்த்தது. வரைவில் அது இல்லை. வாசகம் உறுதியாக இருக்கட்டும் என்று கையால் எழுதிச் சேர்த்தேன்.

போன மாதம் பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் மூட்டையும் முடிச்சுமாகச் சாலைவரை நின்றிருந்தார்கள். முதலில் அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார், நீங்க லென்ஸ் சார்தானே?"

ஆமாம் என்றேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். காமர்ஸ், பன்னிரண்டாவது என்றாள். அதே பள்ளி. பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை.

"அன்னிக்கு நீ அளந்தது சரிதாம்மா. அந்த லென்ஸ் பதினஞ்சுதான்."

"தெரியும் சார்," என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. "அதான் அளந்தேனே."

"அந்த லென்ச எடுத்துட்டாங்களா?"

"இல்ல சார், இருக்கு. சீட்டு கிழிஞ்சிடுச்சுன்னு புதுசா ஒட்டியிருக்காங்க. இருபதுன்னு."

அவள் பின்னால் பள்ளிப் பையோடு சின்னப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். தங்கை, பத்தாவது, வரும் பிப்ரவரியில் பிராக்டிகல் என்றாள்.

"இவளுக்கு லென்ஸ் வந்துச்சுன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுத்துட்டேன் சார். இவ நர்சிங் போணும்ல," என்றாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "இருபத்தஞ்சுக்கு என்னடி?" என்று கேட்டாள்.

தங்கை ஒருமுறை என்னைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். "நூறு. ஆனா நூறுன்னு எழுதக் கூடாது, தொண்ணூத்தொம்பது புள்ளி எட்டு."

அவர்கள் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள்.