அழிக்க அழிக்க வந்த வீடியோ

மாதேஸ்வரனுக்கு ஏழு வருஷமாக ஒரே குறை. பேரிகை ஊர் எருது விடும் விழாவில் அவருடைய மயிலை எருதுக்கு முன்னால் பச்சைத் துண்டை ஆட்டியவன் யார் என்று ஆனந்தராஜுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறான். அவரிடமே வேலை பார்த்துக்கொண்டு சொல்ல மாட்டேன் என்கிறான்.

இந்தப் பக்கத்தில் எருதுகளை ஒவ்வொன்றாகத்தான் அவிழ்த்து விடுவார்கள். கொடி விழுந்ததிலிருந்து எல்லைக் கயிற்றைத் தாண்டுகிற வரைக்கும் எத்தனை விநாடி என்று பார்ப்பார்கள். யாருடையது குறைச்சலோ அவருக்குப் பரிசு. 2018 தையில் மயிலை அம்பு மாதிரித்தான் போனது. முக்கால் தூரத்தில் கூட்டத்திலிருந்து யாரோ பச்சைத் துண்டை ஆட்ட, அது தலையைத் திருப்பி, இரண்டு தப்படி ஒதுங்கி, அப்புறம் ஓடியது. முதல் பரிசு வெங்கடப்பனின் செவலைக்குப் போய்விட்டது. வெங்கடப்பன் வேறு யாருமில்லை, மாதேஸ்வரனின் அக்கா லட்சுமியம்மாளைக் கட்டியவர்.

மயிலையை வாங்கியது மாலூரில், கன்னடத்தில். பழக்கியது தெலுங்கில். தோற்ற பிறகு சண்டை போட்டது மட்டும் தமிழில், எல்லாருக்கும் புரியட்டும் என்று. துண்டு ஆட்டியது உங்கள் ஆள்தான் என்றார் மாதேஸ்வரன். எருதுக்குப் பழக்கம் பத்தவில்லை என்று சிரித்தார் வெங்கடப்பன். அன்றோடு குருபரப்பள்ளியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவது நின்றது.

ஆனந்தராஜ் அன்றைக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் டிராக்டர் டிரெய்லர் மேல் கேமராவோடு நின்றிருந்தான். கொடி, கயிறு, கூட்டம் மூன்றும் தெரிகிற இடம். விழாக் கமிட்டி வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தது. மறுநாள் காலையில் பட்டறை திறந்ததும் மாதேஸ்வரன் கேட்டார்.

"யாருடா துண்ட ஆட்டினது?"

"வீடியோல இருக்குதுங்ணா. வீட்டுக்கு வந்து பாருங்க."

"நீ பாத்தல்ல? சொல்லு."

"நான் சொன்னா அது நான் சொன்னதாப் போயிரும். நீங்களே பாத்துருங்க."

பட்டறைக்கே கொண்டுவந்து போடு என்றால், ஐந்து பேர் நிற்கிற இடத்தில் போட மாட்டேன் என்றான். போனில் அனுப்பட்டுமா என்று கேட்டான். வெட்டி ஒட்டினதை எல்லாம் நான் பார்க்கமாட்டேன் என்றார் இவர். அவன் வீட்டுக்குப் போவதென்பதும் நடக்கிற காரியமாக இல்லை. ஆனந்தராஜின் அப்பா ராமப்பன், மாதேஸ்வரனின் அப்பா நிலத்தில் வேலை செய்தவர். அவர்தான் இந்த வீட்டு வாசலுக்கு வருவார். அந்தத் தெருவுக்குள் போக மாதேஸ்வரனுக்கு ஐம்பது வயது வரைக்கும் ஒரு காரணமும் வந்ததில்லை. ஒரு துண்டுக்காகப் போய் நிற்பதா என்று விட்டுவிட்டார். வெங்கடப்பனுக்குப் பயந்து மறைக்கிறான் என்று முடிவும் கட்டிவிட்டார்.

அப்படியானால் வேலையை விட்டு அனுப்பவேண்டியதுதானே என்று கேட்கலாம். ஓசூரில் சிப்காட்டை ஒட்டின சந்தில் இரண்டு சிஎன்சி மெஷினை வைத்துக்கொண்டு வண்டிக் கம்பெனிகளுக்குப் புஷ் என்கிற இரும்பு வளையம் கடைந்து கொடுக்கிறவர் அவர். அந்த மெஷின் இரண்டும் ஆனந்தராஜ் பேச்சைத்தான் கேட்கும். ஐடிஐ முடித்து, மூன்று கம்பெனியில் கான்ட்ராக்டில் ஓடிவிட்டு, 2011இல் இங்கே வந்து சேர்ந்தவன். வாயைத் திறந்து எது சரி, எது தப்பு என்று சொல்லமாட்டான். மைக்ரோமீட்டரை எடுத்து நம் கையில் கொடுத்து, அளந்து பாருங்க என்பான். அளந்தால் தப்பு நம்முடையதாக இருக்கும். அதனால் பட்டறையில் யாருக்கும் அவனைப் பிடிக்காது. அவன் லீவு போட்டால் யாருக்கும் வேலையும் ஓடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து, எருது விழா என்று வீடியோ எடுப்பான். பெங்களூரில் பழசாக வாங்கின கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் வைத்திருந்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வம்பு வந்தது. புது டிராயிங் மாதேஸ்வரன் போனிலேயே கிடக்க, பட்டறைக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய டிராயிங்கை வைத்து இருநூறு புஷ் கடைந்துவிட்டார்கள். அடுத்த வாரமே ஆனந்தராஜ் அவர் போனை வாங்கி, சிங்க்திங் என்று ஒரு புரோகிராமை ஏற்றினான். போனில் டிராயிங் விழுந்தால் பட்டறைக் கம்ப்யூட்டரிலும் தானாக விழும். ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும். இதற்கு எவ்வளவு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றான். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சும்மா குடுக்கறவன எப்படிடா நம்பறது?"

"செஞ்சவங்க அத எப்படி செஞ்சோம்னு தொறந்து வெச்சிருக்காங்கண்ணா. யாரு வேணா உள்ள பாக்கலாம், திருத்தலாம்."

"நம்ம பட்டறை டிராயிங்க நான் அப்படித் தொறந்து வெப்பனா?"

"டிராயிங்க யாரும் பாக்க முடியாது. உங்க போன்ல இருந்து நேரா நம்ம பொட்டிக்குப் போவுது. நடுவுல எந்தக் கம்பெனியும் அத வாங்கி வெக்கிறதில்ல."

நடுவில் ஆள் இல்லாமல் ஓசூரில் நடக்கிற முதல் காரியம் இதுதான் என்று மாதேஸ்வரன் நினைத்துக்கொண்டார். வெளியில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பழைய டிராயிங்கில் ஒரு புஷ்கூடக் கடையவில்லை.

இந்தச் சித்திரையில் லட்சுமியம்மாள் பட்டறைக்கே வந்துவிட்டாள். மகள் அருணாவுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் நீ வராமல் நான் எப்படி மணையில் உட்கார வைப்பேன் என்று மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று அழுதாள். துண்டு ஆட்டினவனைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்து, வருகிறேன் என்றார் மாதேஸ்வரன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆனந்தராஜ் இரண்டாவது மெஷினில் குனிந்தபடி இருந்தான். நிமிரவே இல்லை.

மறுநாள் மாதேஸ்வரன் போனில் டிராயிங் ஃபோல்டருக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. பெயர் 'மயிலை'. உள்ளே ஒரே ஒரு வீடியோ. தேதியைப் பார்த்தார். 2018 ஜனவரி. திறக்காமல் அழித்தார்.

அடுத்த நாள் அது திரும்ப அங்கேயே இருந்தது. அழித்தார். வந்தது. இருவரும் டூல் தேய்ந்ததையும் கூலன்ட் தீர்ந்ததையும் வழக்கம்போலப் பேசிக்கொண்டார்கள். வீடியோவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இவர் பட்டறையில் டீ குடிக்கும்போது அழிப்பார். அவன் வீட்டுக்குப் போனதும் அது வந்துவிடும். ஆனி முடிவதற்குள் பதினோரு தடவை ஆயிற்று. கடைசியில் மாதேஸ்வரன்தான் கேட்டார்.

"அழிச்சா அழிஞ்சதுதானடா? இது மட்டும் எப்படி வருது?"

"என் வீட்டுக் கம்ப்யூட்டரையும் உங்க போனோட சேத்திருக்கேன். அங்க அழிச்சது செல்லாது, இங்க இருக்கறதுதான் கணக்குன்னு அதுல ஒரு பட்டன் இருக்குதுங்ணா. செவப்பா இருக்கும்."

"அத யாரு அமுக்கறது?"

"நாந்தான்."

"எத்தன நாளைக்கி அமுக்குவ?"

"நீங்க பாத்துட்டு அழிச்சா அமுக்க மாட்டேன்."

நான் பார்த்தேனா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பார்த்தால் தெரியும் என்றான்.

ஆடி கடைசியில் ஒரு சனிக்கிழமை மாதேஸ்வரன் பன்னிரண்டாவது தடவையாக அழித்தார். சாயங்காலம் ஆனந்தராஜ் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்து ஏதோ சொன்னான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்காத மாதிரி இவர் தலையை ஆட்டினார். அங்கிருந்தே ஒரு ஆடித் திருவிழாவுக்கு வீடியோ எடுக்கப் போனவன், ஞாயிறு மதியம்தான் வீடு வந்து, சாப்பிட்டுவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றானாம். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது.

மாதேஸ்வரன் அவன் வீட்டுக்குப் போகாமல் நேரே சுடுகாட்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை டீ குடிக்கும்போது போனைத் திறந்தார். 'மயிலை' காலியாக இருந்தது. புதன்கிழமையும் காலி. சிங்க்திங்கைத் திறந்தால் ஆனந்தராஜ் கம்ப்யூட்டர் இணைப்பில் இருப்பதாகக் காட்டியது. கம்ப்யூட்டர் ஓடுகிறது, பட்டனை அமுக்கத்தான் ஆள் இல்லை. ஏழு வருஷமாக வேண்டாம் என்றிருந்த வீடியோ வரவில்லையே என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனையே மறுபடி திறந்தார்.

எட்டாம் நாள் பகலில் அந்தத் தெருவுக்குப் போனார். ஆனந்தராஜின் மனைவி சுவேதா நாற்காலியை எடுத்துப் போட்டாள். கம்ப்யூட்டர் பற்றி இவர் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"ஓனரண்ணா ஒரு வீடியோ பாக்கணும், அதுவரைக்கும் இத ஆஃப் பண்ணாதன்னு சொல்லியிருந்தாருங்க. என்ன வீடியோன்னு எனக்குத் தெரியாது."

திரையில் 'மயிலை' என்ற பெயருக்குக் கீழே சிவப்பாக ஒரு பட்டன் இருந்தது. நான் அமுக்கட்டுங்களா என்று கேட்டாள். மாதேஸ்வரன் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தானே அமுக்கினார். வீடியோ போனில் வந்து சேர நாலு நிமிஷம் பிடித்தது. அதற்குள் சுவேதா டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தார்.

அப்புறம் பார்த்தார். கொடி விழுந்தது. மயிலை அம்பு மாதிரித்தான் வந்தது, அதில் பொய்யில்லை. முக்கால் தூரத்தில் ஓர் ஆள் தடுப்புக் கட்டைக்கு மேல் பாதி உடம்பை நீட்டி, வா வா என்று பச்சைத் துண்டைச் சுழற்றினான். இடது கைக் கட்டைவிரலில் வெள்ளைக் கட்டு. அந்த வாரம் மெஷினில் விரலைக் கொடுத்து நாலு தையல் போட்டுக்கொண்டவர் பேரிகைக் கூட்டத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். எருதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தன் கை என்ன செய்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் அந்தத் துண்டை ஆட்டிக் கூப்பிட்டுத்தான் மயிலைக்குத் தவிட்டுத் தண்ணீர் வைத்தார் மாதேஸ்வரன். தண்ணீர் வைக்கிறார்கள் என்று அது தலையைத் திருப்பியது. இல்லை என்று தெரிந்ததும் ஓடியது.

மூன்று தடவை பார்த்தார். நாலாவது தடவை பார்க்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிடவா என்று சுவேதா கேட்டாள். அணைச்சிரும்மா என்றார்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மாதேஸ்வரன் வண்டியைக் கிருஷ்ணகிரி ரோட்டில் குருபரப்பள்ளிப் பக்கம் விட்டார். சூளகிரியைத் தாண்டும்போதுதான் பச்சைத் துண்டு தோளிலேயே கிடப்பது தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டி, துண்டை மடித்து சீட்டுக்கு அடியில் திணித்தார். சனிக்கிழமை அந்தக் கம்ப்ரசர் சத்தத்தில் ஆனந்தராஜ் சொன்னது அவருக்கு அன்றைக்கே நன்றாகக் கேட்டிருந்தது. என்ன சொல்கிறான் என்றுதான் விளங்கவில்லை.

"பாத்துட்டீங்கன்னா ஒருக்கா லட்சுமியக்கா வூட்டுக்குப் போயிட்டு வாங்கண்ணா. துண்ட மட்டும் வெச்சுட்டுப் போங்க."