எவ்வளவு நேரம் நீடிக்கும்?

முதல் அறிகுறி ஒரு வாசனை. யாரும் ஏற்றாத கற்பூரத்தின் வாசனை. பதினெட்டு வயதில், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தரையில் கிடக்கிறேன், மேலே இருபது முகங்கள் குனிந்து பார்க்கின்றன, என் கைக்குள் யாரோ ஓர் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது. அங்கே நான் இல்லை.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு அந்தச் சாவிக்கொத்து பழக்கமானதாக இருக்கும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இரும்பு ஒன்றும் செய்யாது. விழித்த பிறகு உள்ளங்கை வலிக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அதற்கு 'மயக்கம்' என்று பெயர். வலிப்பு என்ற சொல்லை என் அம்மா வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. கல்யாணம் ஆக வேண்டிய பெண் அல்லவா? கல்யாணமும் ஆனது, மறைத்துத்தான். மூன்றாம் மாதம் மந்தைவெளி வீட்டுச் சமையலறையில் விழுந்தேன். கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை வங்கியிலிருந்து வரும்போது மாத்திரை வாங்கி வந்தார். அன்று முதல் மாத்திரை வாங்குவது அவர் வேலை. அவர்மேல் எனக்கு நூறு கோபம் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன்.

தெருமுனை டாக்டர் பதினைந்து வருடம் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வருடத்துக்கு ஒருமுறை, சில வருடம் இரண்டு முறை வரும், போகும். மகள் ரம்யாவிடமும் 'அம்மாவுக்கு மயக்கம்'தான். வந்தால் அவளை ஹாலுக்கு அனுப்பிவிட்டு என் கணவர் கதவைச் சாத்திவிடுவார். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் அவர்கள் இருவரும் அலையில் நிற்பார்கள். நான் தள்ளி மணலில் உட்கார்ந்திருப்பேன். யாராவது செருப்புக்குக் காவல் இருக்க வேண்டாமா என்று ரம்யாவிடம் சொல்லி வைத்திருந்தோம்.

அந்த ரம்யாவுக்குச் சதுரங்கப் பைத்தியம். தி.நகரில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் நடந்த வகுப்புக்கு ஏழு வயதில் போக ஆரம்பித்தாள். பன்னிரண்டு வயதில் ஹங்கேரியில் நடக்கும் சிறுவர் போட்டிக்குத் தேர்வானாள். தெருவில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்த பிறகுதான் விதிமுறைத் தாளை ஒழுங்காகப் படித்தோம். பிள்ளைகளுடன் பெற்றோரில் ஒருவர் வர வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். கணவருக்கு வங்கியில் அந்த மாதம் விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, காப்பீடு இல்லாவிட்டால் நான் போக முடியாது, நான் போகாவிட்டால் அவளும் போக முடியாது.

காப்பீட்டு முகவர் என் கணவருக்கு நண்பர். எங்கள் ஹாலில் உட்கார்ந்து காபி ஆறுவதற்குள் படிவத்தை நிரப்பிவிட்டார். இதய நோய் உண்டா, சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா என்ற கேள்விகளுக்கு நேராக மேலிருந்து கீழ்வரை 'இல்லை', 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போனார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன். புகைப்படம் ஒட்டித் தரச் சொல்லிப் படிவத்தை விட்டுவிட்டுப் போனார்.

புகைப்படம் ஒட்டும்போதுதான் வினை பிடித்தது. பசை காயும்வரை சும்மா இருக்க முடியாமல் அதைப் படித்தேன். பதினோரு 'இல்லை', கீழே என் கையெழுத்து. அந்த ஊரில் ஏதோ ஒரு தெருவில் நான் விழுகிறேன், டாக்டர் வருகிறார், என் கைப்பையிலிருந்து ரம்யா இந்தத் தாளை எடுத்து நீட்டுகிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லி நான் மாட்டிக்கொண்டால் பரவாயில்லை. அந்தப் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு பாஷை தெரியாத ஊரில் நிற்கப்போவது அவள்.

அன்று மாலை கணவருக்கும் எனக்கும் சண்டை. உண்மையை எழுதினால் பாலிசி வராது, குழந்தையின் வாய்ப்பு போய்விடும் என்றார். பொய்யை எழுதினால் நான் விமானம் ஏற மாட்டேன் என்றேன். நான் பிடித்தால் விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். முகவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புதுப் படிவம் கொண்டுவந்தார். "இருக்கறதெல்லாம் எழுதினா யாருமே ஊருக்குப் போக முடியாது மேடம்" என்றார். வலிப்பு என்ற வார்த்தையை வாழ்க்கையில் முதன்முதலாக என் கையால் எழுதினேன். நான்கே எழுத்து.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. நரம்பியல் நிபுணர் (மூளை, நரம்பு நோய்களுக்கான மருத்துவர்) ஒருவரின் சான்றிதழ் வேண்டும். இருபது வருட வியாதிக்கு அப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

அடையாறில் ஒரு மருத்துவமனையில் பெண் டாக்டர் ஒருவர் கிடைத்தார். முதலில் இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார் (தலையில் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் வரையும் பரிசோதனை, வலிக்காது). அன்று வெள்ளிக்கிழமை. நல்ல காரியமாகப் போகிறோம் என்று காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, சீயக்காயை அரைகுறையாகப் போட்டு, இழையப் பின்னிக்கொண்டு போயிருந்தேன். அங்கே கம்பி ஒட்டும் அம்மாள் என் தலையைத் தொட்டுவிட்டுக் கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, தலை பூரா எண்ணெயா கீது. ஒயரு எப்டி ஒட்டும்? ஊட்டுக்குப் போயி நல்லா தேச்சி ஊத்திக்கினு வா" என்றாள்.

ஆட்டோ பிடித்து மந்தைவெளி போய், மூன்று முறை தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையுடன் திரும்பினேன். நீங்கள் இந்தப் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே எண்ணெயைத் தொடாதீர்கள். யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

டாக்டர் அந்தத் தாளை மேசைமேல் விரித்து, காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியில்தான் என் வலிப்பு ஆரம்பிக்கிறது என்று காட்டினார். கற்பூர வாசனையும் அங்கிருந்துதான் வருகிறதாம். அது சகுனமும் இல்லை, சாமியும் இல்லை, வலிப்பின் முதல் சில நொடிகள். அந்த வாசனை வந்த வீடுகளிலெல்லாம் நான் பூஜையறையைத் தேடியிருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில் என் உடம்பை யாரோ எனக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

பிறகு படிவத்தை எடுத்தார். இரண்டு கேள்விகள் பாக்கி. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீடிக்கும்? கடைசியாக வந்தது எப்போது?

கடைசியாக வந்து பதினான்கு மாதம் ஆகிறது என்றேன். எவ்வளவு நேரம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கணவரைப் பார்த்தேன். "அரை மணி நேரம் இருக்கும் மேடம்" என்றார்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலே உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அரை மணி என்றால் உயிருக்கே ஆபத்து, அப்படிப்பட்டவர் விமானத்தில் போகலாம் என்று எழுத முடியாது என்றார். கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறீர்களா என்று என் கணவரிடம் கேட்டார். அந்த நேரத்தில் யார் கடிகாரம் பார்ப்பார்கள் என்றார் இவர். கல்யாணமான மூன்றாம் மாதம், சமையலறையில் தனியாக என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அரை மணியாகத் தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அரை மணிதான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தோம். ரம்யாவிடம் சொல்லியாக வேண்டும். ஹாலில் பலகையை விரித்துத் தன்னோடு தானே ஆடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இருப்பது மயக்கம் இல்லை, வலிப்பு என்றேன். அது அரை மணி நேரம் நீடிப்பதால் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை, ஹங்கேரி இல்லை என்றேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் காயை நகர்த்திவிட்டுச் சொன்னாள். "அரை மணியெல்லாம் இல்லம்மா. மூணு நிமிஷம்கூட ஆகாது."

உள்ளே போய் ஆட்டங்களைக் குறித்து வைக்கும் நோட்டை எடுத்து வந்தாள். ஓரத்தில் பென்சிலால் மூன்று இடத்தில் 'அம்மா' என்று எழுதி, தேதியும் நிமிடமும் போட்டிருந்தது. இரண்டரை. மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டரை. சதுரங்கக் கடிகாரத்துக்கு இரண்டு முகம் இருக்கும், பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கம் ஓடும். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டதும் இவள் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். சாத்திய கதவுக்கு உள்ளே சத்தம் அடங்கியதும் நிறுத்தியிருக்கிறாள்.

"ஏன்டி இப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"பயமா இருந்துச்சு. கடிகாரம் ஓடுதுன்னா, எப்படியும் ஒரு நேரத்துல முடிஞ்சுடும்ல."

அவளுக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்தி, பயத்தை மட்டும் அவளோடு வெளியே விட்டு வைத்திருந்திருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

மூன்றாவது குறிப்பின் தேதியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு மாதம் முந்தையது. அன்று மதியம் நானும் அவளும் மட்டும் வீட்டில் இருந்தோம். ஹாலில் தரையில் தூங்கி எழுந்ததாக ஞாபகம், தலைக்கடியில் சோபாத் தலையணை இருந்தது. அவள்தான் வைத்திருக்கிறாள், தரையையும் துடைத்திருக்கிறாள். அப்பாவிடம் சொன்னால் இனிப் போட்டிகளுக்கு அனுப்ப மாட்டோமோ என்று மறைத்துவிட்டாளாம். மறைக்கும் வித்தையில் மட்டும் அவள் அப்படியே என் மகள்.

நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே நோட்டில். முதல் இரண்டு குறிப்பை மட்டும் காட்டலாமே என்றார் கணவர். எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் நோட்டு என்னுடையது இல்லை. ரம்யாவையும் நோட்டையும் அழைத்துக்கொண்டு அடையாறு போனோம்.

டாக்டர் மூன்று குறிப்பையும் நிதானமாகப் படித்தார். பெரியவர்கள்கூட இப்படிக் குறித்துக் கொண்டுவந்ததில்லை என்றார். ஏழு மாதத்துக்கு முன் வந்ததால் இரவு மாத்திரையைக் கூட்டினார். தூக்கம் கெடக் கூடாது, அந்த ஊர் நேரம் என்னவாக இருந்தாலும் மாத்திரை இத்தனை மணிக்கு ஒருமுறை என்பது மாறக் கூடாது, நம் ஊர் நேரத்தில் ஒரு கைக்கடிகாரம் தனியாக ஓடட்டும் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு ரம்யாவிடமே பேசினார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கை காலைப் பிடித்து அமுக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆளைக் கூப்பிட வேண்டும். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

பாலிசி வந்தது. பிரித்தால், வலிப்பும் அதனால் வரும் எந்தச் செலவும் இதில் அடங்காது என்று ஒரு வரி. எதைச் சொல்ல இவ்வளவு பாடுபட்டேனோ அதைத்தான் கழித்துவிட்டிருந்தார்கள். நானும் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனாலும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். மறைத்திருந்தால், கால் முறிந்து போய் நின்றாலும் எல்லாம் செல்லாது என்று கையை விரித்திருப்பார்கள். சொன்னதால் மற்ற எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் நின்றது. அதைவிடப் பெரிது, சொல்லப் போன வழியில் எனக்கு டாக்டர் கிடைத்தார், மகள் கிடைத்தாள்.

ஹங்கேரியில் ஐந்தாம் நாள், விடுதி அறையில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கற்பூர வாசனை வந்தது. இந்த முறை பூஜையறையைத் தேடவில்லை. "ரம்யா, வருது" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

விழித்தபோது மேலே முகங்கள் இல்லை. கைக்குள் சாவிக்கொத்து இல்லை. ஒருக்களித்துப் படுத்திருந்தேன், கன்னத்துக்கடியில் அவளுடைய ஸ்வெட்டர் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பாதி பின்னிய தலையுடன் அவள் என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு நிமிஷம்தாம்மா. முடிஞ்சுடுச்சு. ஆட்டம் மூணு மணிக்குத்தான், நீ தூங்கு" என்றாள்.

அன்று அவள் தோற்றாள். என்னால்தானே என்று கேட்டதற்கு, குதிரையை வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டு உன்மேல் பழி போடச் சொல்கிறாயா என்று எரிந்து விழுந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இருபது வருடம், நான் இல்லாமல் போகும் அந்த நேரத்தை அடி தெரியாத கிணறாக நினைத்துப் பயந்திருந்தேன். இப்போது அதன் அளவு தெரியும். பால் பொங்குவதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு. ஊர் திரும்பியதிலிருந்து வலிப்பு மீண்டும் வரவில்லை. வரலாம். வந்தால் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் போனோம். கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, கணுக்கால் நனையும்வரை அலையில் இறங்கி நின்றேன். காலடி மணல் சரிந்தபோது கூச்சமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மூன்று ஜோடிச் செருப்புக்கும் காவலாக ரம்யா மணலில் உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் கொண்டுவரவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை, சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.