பெட்டி வகுப்பும் இரண்டு ஜன்னலும்

போன வாரம் தலைவலி என்று எங்கள் மலை ஊரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வெளியே ஒரே மூடுபனி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்த நர்ஸ் என்ன செய்தாள் தெரியுமா? நேரே போய் ஜன்னலைத் திறந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பிச் சிரித்தாள். "டீச்சர், நான்தான் லா, செல்வி. பெட்டி வகுப்பு."

பெட்டி வகுப்பு... பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அப்போது நான் தேயிலைத் தோட்டப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் அதிகமாகி இடம் பத்தாமல் போக, லோரியில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து மாட்டிய பலகை அறை ஒன்று கிடைத்தது. பிள்ளைகள் வைத்த பேர்தான் பெட்டி வகுப்பு. காலையில் பல் கிடுகிடுக்கும். நான் சும்மா இருப்பேனா? ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டினேன். உள்ளே இருட்டு — அதனால் பட்டப்பகலில் இரண்டு மண்ணெண்ணெய் விளக்கு. கதகதப்பு என்றால் அப்படி ஒரு கதகதப்பு. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். செல்வி தூங்கியே விழுவாள். முதல் வரிசையில் உட்காரவைத்தேன், நிற்கவைத்தேன், காதைத் திருகினேன். ம்ஹூம். கடைசியில் அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன் — இவளுக்குப் படிப்பு ஏறாது, நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல.

கொழுந்துக் கூடையோடு வந்தார் அவள் அம்மா அஞ்சலை அக்கா. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். கண் கலங்கிவிட்டது. பள்ளியை விட்டால் நாளைக்கே மகள் முதுகிலும் கூடைதான் என்று அவருக்குத் தெரியாதா? மகளைக் கூப்பிட உள்ளே ஒரு கால் வைத்தவர், முகத்தைச் சுளித்து நின்றுவிட்டார்.

"டீச்சர், கூடையில கொழுந்த அமுக்கி வச்சா சூடேறி செவந்து போவும். காத்துப் போவணும். நீங்க புள்ளைங்கள அமுக்கி வச்சிருக்கீங்க."

சுருக்கென்றது. எனக்கும்தான் தினம் மத்தியானம் தலை வலித்தது... ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

அவரே ஈயத்தாளைக் கிழித்து, காற்று அடிக்காத பக்கத்தில் இரண்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளிச்சம் வந்தது, விளக்கை அணைத்தோம். அதற்கப்புறம் மண்ணெண்ணெயே வாங்கவில்லை. குளிருக்கு? முதல் மணி அடித்ததும் பிள்ளைகளோடு நானும் திடலைச் சுற்றி ஓடினேன் — புடவையோடுதான். ஒரே வாரத்தில் செல்வி பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தாள். இவளையா நிறுத்தச் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் செல்விதான் இப்போது என் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். "குளிருதா டீச்சர்?" என்றாள்.

குளிரத்தான் செய்தது. ஆனால் ஜன்னலைச் சாத்தச் சொல்ல எனக்கு ஏது வாய்?