எழுந்து நிற்கச் சொல்லாதவர்கள்

என் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பாரிவாக்கத்தில் நாற்று நட்டவள். வயல்கள் மனைகளான பிறகு, அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் நாள் முழுக்க நின்றபடி பாத்திரம் தேய்த்தாள். உள்ளங்காலில் ஆணி குத்திய புண்ணைச் சர்க்கரை வியாதி அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டிலருகே நின்று கேஸ் ஷீட்டைப் புரட்டினார். வயதைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

"இது நடக்காதும்மா. வீல்சேருக்குப் பாத்துக்க" என்றார் என்னிடம். அம்மாவை 'இது' என்றார்.

அம்மா விடவில்லை. "இன்னா டாக்டரே, என்னை ஒரு தபா எழுப்பி நிக்க வச்சிப் பாத்தியா? பாக்காமயே சொல்றியே?"

அவர் சிரித்தார். "எங்க போகப் போற? அதான் பொண்ணு கீதே" என்று அவள் பேச்சைப் போலவே பேசிக்காட்டிவிட்டு, ஏதோ எழுதிவைத்து அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்றிலிருந்து யாரும் வரவில்லை. ஆண்கள் வார்டுக்குத் தினமும் பயிற்சி கொடுக்க வந்தவரை வழிமறித்துக் கேட்டேன். "உங்கம்மாவுக்கு எழுதலையே" என்றார். நடக்கமாட்டாள் என்று எழுதிவிட்டால் பிறகு யார் நடக்கவைப்பார்கள்?

திருமுல்லைவாயிலில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்துவந்தேன். வலிக்கிறது என்று அவள் முனகும்போதெல்லாம் வெட்டிய காலின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தேன். கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போனது.

பயந்துபோய் வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் ஷீட்டைக் கேட்கவில்லை. "அம்மா, இந்தக் கம்பியப் புடிச்சு எழுந்திரிங்க. இப்ப கைய விடுங்க பார்க்கலாம்" என்றாள்.

அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அந்தப் பெண் விநாடிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"ஊட்ல ஜன்னலப் புடிச்சிகினு தெனமும் நிப்பேன்" என்றாள் அம்மா. "இவ வேலைக்குப் போனப்புறம். பாத்தா பயந்துடுவா."

அந்தப் பெண்ணுக்குப் பழைய ஆஸ்பத்திரிமீது கோபம் வந்துவிட்டது. "இப்படி நிக்கிறவங்க பெரும்பாலும் நடந்துடுவாங்க. முதல் ரெண்டு வாரத்துலயே இத பாத்திருக்கணும். ஒரு நிமிஷ வேலை! முட்டிக்குத் தலையணை வச்சது யாரு?"

நான்தான் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த முழங்காலை நீட்ட நான்கு மாதம் ஆயிற்று. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். மறுநாளும் போகலாம் என்பாள். முழுதாக நீளவே இல்லை. செயற்கைக் கால் பொருத்தி, கைத்தடி ஊன்றி நடந்தாள். ஆனால் நாளெல்லாம் நிற்க முடியவில்லை. கேன்டீன் வேலை போயிற்று.

பழைய டாக்டரிடம் அவளை நடத்தியே கூட்டிப்போய்க் காட்டினேன். "பரவாயில்லையே, சிலருக்கு அதிர்ஷ்டம்" என்றார்.

அதிர்ஷ்டமாம்! அன்று அவருடைய மேசை முன் நின்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

"உடு, நடந்துகினுதானே கீறேன்" என்றாள் அம்மா. அவள் அந்த டாக்டரை மன்னித்துவிட்டாள். படியேறும்போதெல்லாம் வலியில் அவள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த நான் மன்னிக்கவில்லை.