மூன்றாவது குழாய்

ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்து அரைக்கிறாள் என் அக்கா. நறநறவென்றால் மணல், வெள்ளம் வந்திருக்கிறது. வெண்ணெயாக வழுக்கினால் களிமண். ஏரி சும்மா கிடந்திருக்கிறது. இதற்கென்றே அலுவலகத்தில் ஒரு கருவி உண்டு. அது வாங்கிய நாளிலிருந்து பழுது. "பல்லு ரிப்பேர் ஆகாதுடா" என்பாள். ஆயிரம் வருடத்துச் சேற்றை அசராமல் மெல்லுகிறவள், நான் சமைத்தால் மட்டும் சோற்றில் கல் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள்.

ஏரியின் அடியில் குழாயை இறக்கி, படிந்து கிடக்கும் சேற்றைக் குலையாமல் உருவி எடுப்பது அவள் தொழில். நல்ல மழை பெய்த காலத்துச் சேறு கறுப்பு. ஏரி வற்றிய காலத்தில் உப்புப் பூத்து வெள்ளை. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு என்பதால், குழாயின் மேல்முனைக்குச் சிவப்பு மூடி, கீழ்முனைக்குக் கறுப்பு மூடி. அலுவலகக் குளிரறையும் படுத்துவிட்டது. ஆகவே, தட்டுகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் குழாய்கள் குடியேறியிருக்கின்றன. பால் வெளியே இருந்து திரிகிறது. கேட்டால், "பால் கெட்டா கடையில வாங்கலாம். இது கெட்டா எந்தக் கடைக்குப் போவே?"

எந்தக் காலத்திலோ பெய்த மழையெல்லாம் அத்துப்படி. இன்றைக்குத் துணி காயப் போடலாமா என்று கேட்டால், "அது எனக்கெப்படிடா தெரியும்?" என்று கிளம்பிப் போய்த் தொப்பலாக நனைந்து வருவாள்.

இப்படிப்பட்டவளுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. மூன்றாவது குழாயில் கீழிருந்து மேலே வர வர, கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் போயிருந்தது. "பஞ்சம் திடீர்னு வராது, ரெண்டு தலைமுறைக்கு முன்னாடியே சொல்லிட்டுத்தான் வரும்" என்று எழுதிக் கொடுத்தாள். குடிநீர்த் துறைப் பொறியாளர் அதைக் கேட்டுக் குளிர்ந்தே போனார். பஞ்சம் வருவதற்குள் கட்டிக்கொள்ளலாம், அவசரமில்லை என்று புதிய நீர்த்தேக்கம் கட்டும் திட்டத்தைப் பரணில் தூக்கிப் போட்டார். அந்தக் குழாயின் படத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டார். "இன்னும் மண்ணைத்தான் நோண்டுறியா?" என்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்த சித்தப்பா கூட வாயை மூடிக்கொண்டார். அவள் சொன்னதை வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் கேட்டது அதுதான் முதல்முறை. வீட்டுக்குள்ளேயும் யார் கேட்டோம்?

போன வாரம் அதே குழாயிலிருந்து எடுத்து மென்றுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வெள்ளம் வடியும்போது கனமான மணல் முதலில் அடியில் தங்கும், களிமண் அதன் மேல் படியும். இந்தக் குழாயிலோ ஒவ்வொரு வெள்ளத்திலும் களிமண் அடியில், மணல் மேலே. ஏரியில் சேறு எடுத்த அன்று படகு ஆடிய ஆட்டத்தில் சிவப்பு மூடியைத் தப்பான முனையில் மாட்டித் தொலைத்திருக்கிறாள். குழாயைத் திருப்பி வைத்துப் பார்த்தோம். கறுப்பு பட்டென்று வெள்ளையாகிறது. பஞ்சம் யாரிடமும் சொல்லிக்கொண்டு வரவில்லை. மெல்ல நடந்தது, அது விலகிப் போனதுதான்.

"யாருக்குத் தெரியப்போவுது, விட்டுடு" என்றேன். நிஜமாகவே சொன்னேன். கிடைத்தது ஒரே ஒரு பாராட்டு, இவளே போய்த் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டுமா என்றிருந்தது எனக்கு.

"இப்ப தெரியாதுதான். வீட்டுத் தண்ணிக் குழாய்ல காத்து வர்ற அன்னைக்குத் தெரியும்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. சோற்றில் கல் இருக்கிறதா என்று கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். பொறியாளர் எழுந்து நின்று வரவேற்றார். "உங்களாலதான் மேடம் நிம்மதியா தூங்குறேன்."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "இப்போ மாத்திச் சொன்னா ரெண்டு பேருக்கும்தான் அசிங்கம். திட்டத்தை வேற மூடியாச்சு. படம் அது பாட்டுக்கு இருக்கட்டுமே மேடம்" என்றார். ஆள் நல்லவர், எங்களுக்குத் தேநீர் வேறு சொன்னார்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினாள். கொக்கி அடிப்பக்கம் போய்விட்டதால் அது ஆணியில் மாட்டவில்லை. தேநீர் வந்தது. அவள் இறங்கவில்லை. நாற்காலியின் மேல் நின்றபடியே, இரண்டு கைகளாலும் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.