வழிமொழிய ஓர் ஆள்

கூட்டங்களில் தூங்குபவர்களை இந்தப் பத்தியில் எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு அதை நிறுத்திவிட்டேன்.

அன்று கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். சங்கத்திடம் ஒரு மரண உதவி நிதி இருக்கிறது. அங்கத்தவர் ஒருவர் காலமானால் செத்த வீட்டுச் செலவுக்கு உடனே கைகொடுக்கும். அதில் பாதி, நிலக்கரி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் பங்குகளாகக் கிடக்கிறது.

அதை விற்க வேண்டும், அந்தக் காசில் மண்டபக் கூரைக்கு சோலார் போட்டு மிச்சத்தை வங்கியில் போட வேண்டும் – இது தங்கலட்சுமி டீச்சரின் பிரேரணை. புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகக் கொண்டுவருகிறார். மூன்று வருடமும் வழிமொழிய ஆளில்லை. ஆளில்லையென்றால் வாக்கெடுப்பே கிடையாது. தை மாதம் மகனிடம் கனடாவுக்குப் போய்விடுவார். இதுதான் அவருக்குக் கடைசிச் சந்தர்ப்பம்.

இந்த முறை நான் வழிமொழிவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆனால் பக்கத்துக் கதிரையில் யார்? நடராசா அண்ணை. கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை செய்தவர். தினமும் என்னோடு கடற்கரையில் நடப்பவர். எண்ணெயையோ நிலக்கரியையோ யாராவது குறை சொன்னால் முகம் கறுத்துவிடும். வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார்.

நிலக்கரிப் புகையால் பூமி சூடாகிக் கடல் ஏறி வருகிறது என்று டீச்சர் பேசி முடித்ததும் தலைவர் சிரித்தார். "டீச்சர், எங்களுக்கெல்லாம் எழுபது, எண்பது வயசு. கடல் ஏறி வர முதல் நாங்கள் போயிடுவம்."

"நாங்கள் போனாப்பிறகு குடுக்கிறதுக்குத்தானே ஐயா இந்த நிதியே இருக்கு?"

வழிமொழிபவர் உண்டா என்று தலைவர் கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு... எழும்ப வரவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வழிமொழிகிறேன்."

குரல் பக்கத்துக் கதிரையிலிருந்து! எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நன்றியுரையோ கணக்கறிக்கையோ, பாதித் தூக்கத்தில் விழித்து வழிமொழிவது நடராசா அண்ணையின் பழக்கம். டீச்சரின் பிரேரணைக்கு மட்டும் இதுவரை அவர் விழித்ததில்லை. எதை வழிமொழிகிறார் என்று தெரியுமா என்று தலைவர் கேட்டார். 'ஓம்' என்றுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பிரேரணை நிறைவேறியது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

மாலை நடையில் நடராசா அண்ணையைச் சீண்டினேன்... தூக்கத்தில் கம்பெனியையே கவிழ்த்துவிட்டீர்களே என்று.

"ஐசே, நான் எப்ப நித்திரை கொண்டனான்? முழிச்சிருந்து சொன்னா முன்வரிசை ஆக்கள் என்னை விடமாட்டினம். எண்ணெய்க் காசிலை பிள்ளையளைப் படிப்பிச்சனீர், இப்ப என்ன எண்டு கேப்பினம்."

நின்று கடலைப் பார்த்தார்.

"மூண்டு வருசமும் பயத்திலைதான் கண்ணை மூடினனான். ஆனா ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொலன்னாவையிலை என்னோடை வேலை செய்த சனத்தின்ர வீட்டுக்குள்ளை இடுப்பளவு தண்ணி. எத்தினை தரம் பாத்துக்கொண்டிருக்கிறது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று அந்த மண்டபத்தில் பயம் விடாத ஆள் நான் ஒருவன்தான்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் போகவில்லை. தைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைக்கிறேன் – நிலக்கரியைப் பற்றியும் நாங்கள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.